எதிர்வீட்டுக்காரியின் கழுத்து

கல்யாண வீடுகளில் மற்ற பெண்கள் நகையைப் பார்ப்பார்கள். நான் கழுத்தைப் பார்ப்பேன். தாலிகட்டி முடிகிறவரை ஒரே பக்கமாகத் திரும்பி அப்படியே உட்கார்ந்திருக்கிற பெண்கள் இருக்கிறார்கள். வீடியோக்காரர் விளக்கை முகத்துக்கு நேராகப் பிடித்தாலும் அவர்களுடைய இமை தன் வேலைக்குமேல் ஒரு தடவைகூட அடிக்காது. அவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எரியும். பந்தியில் உட்கார்ந்தால் சாப்பாடு இறங்காது.

என் கழுத்து சும்மா இருக்காது. இடது பக்கமாக ஒரு வெட்டு வெட்டும். கண்கள் இரண்டும் சேர்ந்து இறுக மூடித் திறக்கும். தொண்டையிலிருந்து 'ம்க்' என்று ஒரு சத்தம் வரும். சில மாதங்களில் இருக்கிற இடம் தெரியாது, சில மாதங்களில் ஆட்டமாக ஆடித் தீர்த்துவிடும். தும்மலை அடக்குகிற மாதிரி கொஞ்ச நேரம் அடக்கலாம். அடக்கி வைத்ததெல்லாம் பிறகு மொத்தமாக வரும். எட்டு வயதில் ஆரம்பித்தது. இப்போது நாற்பதை நெருங்கிவிட்டேன், இன்னும் என்னோடுதான் இருக்கிறது.

உலகத்தையே பார்த்துப் பொறாமைப்பட முடியாது. அதற்கென்று ஒரு ஆள் வேண்டும். எனக்கு அப்படி ஒருத்தி இருந்தாள். எதிர்வீட்டுக்காரி. அவர்கள் வீடு மாறிப்போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, ஆனாலும் எனக்கு அவள் எதிர்வீட்டுக்காரிதான்.

நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸ் தெர்மல் மின்நிலையத்துக்குப் பக்கத்து பிளாக்கில் இருந்தது. கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டையை உதறித்தான் மடிக்க வேண்டும், அவ்வளவு சாம்பல். எதிர்வீட்டில் என் வயதிலேயே அவள். ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே பஸ். எனக்குக் கண் சிமிட்டல் வந்து சில மாதங்களில் அவளுக்கும் வந்தது. முதலில் கண், பிறகு தொண்டைச் செருமல், பிறகு தோளைத் தூக்கித் தூக்கிப் போடுவது. பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் பின்சீட்டுப் பையன்கள் கைதட்டி எண்ணுவார்கள். அவள் அழுவாள், நான் திட்டுவேன். அந்த வயதில் என்னைப் போலவே இன்னொருத்தி இருக்கிறாள் என்பது எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

காரணத்தைத் தெருவே கூடிக் கண்டுபிடித்தது. வேறு ஊராக இருந்திருந்தால் காத்துக் கருப்பு என்றிருப்பார்கள், குலசாமிக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்றிருப்பார்கள். எங்கள் ஊரில் அதற்கெல்லாம் அவசியமே இல்லை, புகைபோக்கி கண்ணெதிரே நிற்கிறதே. சாம்பல் கண்ணில் விழுகிறது, பிள்ளை சிமிட்டுகிறது. தொண்டையில் அடைக்கிறது, பிள்ளை செருமுகிறது. கழுத்தையும் தோளையும் ஏன் வெட்டுகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அம்மா எனக்கு சொட்டு மருந்து போட்டாள், வெளியே போகும்போது அப்பாவின் பழைய கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டாள். அதோடு நான் பஸ் ஏறிய முதல் நாளே எனக்குப் புதுப் பட்டப்பெயர் கிடைத்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

தூசு இல்லாத பிளாக்குக்கு வீட்டை மாற்றிக்கொண்டு போவதுதான் வழி என்று முடிவானது. என் அப்பாவும் அவள் அப்பாவும் ஒன்றாகப் போய் மனு கொடுத்தார்கள். நகரியத்தின் மறுகோடியில் ஒரு வீடு காலியானது. சீனியாரிட்டிப்படி அவள் அப்பாவுக்குக் கிடைத்தது. அவர் என் அப்பாவுக்குக் கொஞ்சம் முன்னால் வேலையில் சேர்ந்தவர், அவ்வளவுதான் வித்தியாசம். அன்றைக்கு ராத்திரி அம்மா தட்டை நகர்த்திவைத்த சத்தத்திலேயே அப்பாவுக்குப் பாதி விஷயம் புரிந்திருக்கும்.

"நாலு மாசம் முன்னாடி வந்து சேர்ந்திருந்தா என்ன? ஊர்ல என்னத்த புடுங்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு வருஷக்கணக்காக எங்கள் வீட்டில் என்ன சண்டை நடந்தாலும் அந்த நாலு மாசம் கடைசியில் வந்து நிற்கும்.

அவர்கள் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு பள்ளி விடுமுறை முடிந்து வந்தபோது அவள் தோள் ஆடவில்லை. அடுத்த விடுமுறைக்குப் பிறகு கண்ணும் அடங்கிவிட்டது. வகுப்பில் எனக்கு முன் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருப்பாள். இரட்டைப் பின்னலுக்கு நடுவே அந்தக் கழுத்து, மேஜைமேல் வைத்த சொம்பு மாதிரி அசையாமல் இருக்கும். பாடத்தைக் கவனிக்காமல் நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கேயாவது லேசாகத் துடிக்காதா என்று காத்துக்கொண்டிருப்பேன். துடிக்காது.

அந்த வீட்டுக் காற்றில்தான் மருந்து இருக்கிறது என்று நான் சத்தியமாக நம்பினேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர்கள் பிளாக்குக்குப் போவேன். கேட்டுக்கு வெளியே நின்று மூச்சை நன்றாக இழுத்து, முடிந்தவரை உள்ளேயே வைத்துக்கொள்வேன். அவள் அம்மா ஒரு கிண்ணத்தில் முறுக்கு கொண்டுவந்து கேட்டருகிலேயே கொடுத்துவிட்டுப் போவார்கள். உள்ளே வா என்று கூப்பிட்டதில்லை. விடுமுறைக்கு என்னை நாலு நாள் அங்கே விடலாமா என்று அம்மா கேட்டபோதெல்லாம் அவர்கள் வீட்டுக்கு யாரோ விருந்தாளி வருவதாக இருந்தது. அப்போது அது எங்களுக்கு வித்தியாசமாகத் தோன்றவில்லை.

பிறகு எனக்குக் கெடு வைத்தார்கள். வயசுக்கு வந்தால் சரியாகிவிடும் என்றார்கள். வந்தேன், ஆகவில்லை. காலேஜ் போனால் என்றார்கள், கல்யாணம் ஆனால் என்றார்கள். என்னைப் பெண்பார்க்க வந்தவர் மைன்ஸில் பெர்மனென்ட். சேத்தியாத்தோப்பு பக்கம் விவசாயக் குடும்பம். நான் காபித் தட்டோடு வந்து நின்ற நேரத்தில் கழுத்து தன் வேலையைக் காட்டியது. கூடத்தில் எல்லாரும் என் கழுத்தையே பார்த்தார்கள். அவர் மட்டும் டம்ளரை எடுத்துக்கொண்டு, "கழுத்து ஆடினா ஆடிட்டுப் போவுது, காபி சிந்தலையே" என்றார். அதனால்தான் சரி என்றேன். ஒரு குழந்தை பிறந்தால் நின்றுவிடும் என்பது கடைசிக் கெடு. பெண் பிறந்தாள். அதுவும் நிற்கவில்லை.

இதற்கு நடுவே புதுச்சேரியில் ஒரு நரம்பு டாக்டரைப் பார்த்திருந்தேன். இதற்கு 'டிக்' என்று பெயர், தூசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நரம்புக்குள் இருக்கிற விஷயம் என்றார். சின்ன வயதில் வருகிறது, பத்து பன்னிரண்டு வயதில் அதிகமாகிறது, பள்ளிக்கூடம் முடிகிற வயதில் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துவிடுகிறது, சிலருக்கு மட்டும் தங்கிவிடுகிறது. யாருக்குப் போகும் யாருக்குத் தங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. வீடுதான் காரணம் என்றால் அவள்மீது பொறாமைப்படுவதில் ஒரு நியாயம் இருந்தது. சீனியாரிட்டியைத் திட்டலாம், அப்பாவைத் திட்டலாம். ஒரு காரணமும் இல்லை, அவளுக்குப் போயிற்று, உனக்குப் போகவில்லை என்றால் யாரைத் திட்டுவது? டாக்டரைத் திட்டிக்கொண்டே பஸ் ஏறினேன்.

இத்தனையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகும் என்ன செய்தேன் என்றால், என் வீட்டுக்காரருக்கு குவார்ட்டர்ஸ் கிடைக்கிற நேரத்தில் அடம்பிடித்து அவளிருந்த அதே பிளாக்கில் வாங்க வைத்தேன். அவர்கள் அதற்குள் அவள் அப்பா ரிட்டையர் ஆகி ஊரைவிட்டே போயிருந்தார்கள். "பஸ் ஸ்டாண்டு தூரம், மார்க்கெட் தூரம், இங்க என்னதான் இருக்கு உனக்கு?" என்று அவர் கேட்டார். காற்று நல்லா இருக்கு என்றேன்.

அந்த நல்ல காற்றில்தான் என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது கண் சிமிட்ட ஆரம்பித்தாள்.

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். சிமிட்டினாள். எழுதினாள். மறுபடி சிமிட்டினாள். கண்ணில் ஏதோ விழுந்திருக்கும் என்று அம்மாபோலவே நானும் ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். என்னிடமிருந்து அவளுக்குப் போக வேண்டியது எவ்வளவோ இருந்தது. என் மூக்கு போயிருக்கலாம், என் குரல் போயிருக்கலாம். கொஞ்ச மாதத்தில் தொண்டையும் சேர்ந்துகொண்டது. என்னுடைய அதே 'ம்க்'.

அதே டாக்டரிடம் போனோம். குடும்பத்தில் வரக்கூடியதுதான், ஆனால் பார்த்துப் பழகி வருவதில்லை என்று என் வீட்டுக்காரரிடம் தெளிவாகவே சொன்னார். அடிக்கடி சுட்டிக்காட்டாதீர்கள், கூடும் குறையும், அம்மாவுக்கு நிற்கவில்லை என்பதற்காக மகளுக்கும் நிற்காது என்று அர்த்தமில்லை என்றார். நிற்கும் என்று சொல்லுங்களேன் என்று கேட்டேன். சிரித்தாரே தவிரச் சொல்லவில்லை.

போன கோடை விடுமுறைக்கு மகளை சேத்தியாத்தோப்பில் என் நாத்தனார் வீட்டில் விட்டோம். நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு அக்கா. நிலபுலன் உண்டு, மகன்கள் இரண்டு பேரும் வெளியூரில் படிக்கிறார்கள். வீட்டில் பெண்பிள்ளை இல்லாத குறையை என் மகள்மேல் கொட்டித் தீர்ப்பார். அவருடைய முகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேசும்போது வாய் மட்டும்தான் அசையும், மற்றதெல்லாம் வைத்த இடத்தில் இருக்கும். அதற்காகவே எனக்கு அவரைப் பார்த்தால் ஒரு கடுப்பு உண்டு.

விடுமுறை முடிந்து அழைத்துவரப் போனோம். மகள் கூடத்தில் உட்கார்ந்து நுங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கண் சும்மா இருந்தது. தொண்டையில் சத்தமே இல்லை.

"தோ பாரும்மா, எங்கூட்டுக்கு வந்த நாளா ஒரு வாட்டிகூட கண்ண சிமிட்டல. சும்மா ஜம்முனு வெளையாடிகினு கெடந்தா" என்றார் நாத்தனார். பிறகு தம்பியின் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் சொன்னா தப்பா நெனைக்காதீங்க. புள்ள எந்நேரமும் அத்தப் பாத்துகினே இருக்குது, அதான் அதுக்கும் வருது. ஒரு ரெண்டு வருசம் எங்கூட்லயே வுட்டு வைங்க. இங்கயும் நல்ல ஸ்கூல் இருக்குது, வேன் வாசலுக்கே வருது."

அந்த 'அத்தப் பாத்துகினே' என்பதில் 'அது' நான். நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். என் கழுத்தும் தன் பங்குக்கு இரண்டு வெட்டு வெட்டியது.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே மகளுக்கு எல்லாம் திரும்ப வந்துவிட்டது. நாத்தனார் தினமும் போன் செய்து கேட்டார். என் வீட்டுக்காரர் ஒருநாள் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "டாக்டர் சொன்னது சரிதான். ஆனா அங்க ஒன்னுமில்லாம இருந்ததக் கண்ணால பாத்தமே" என்றார். நான் அவரோடு சண்டை போட்டேன். உங்கள் அக்காவுக்குப் பெண் வேண்டும் என்றால் என் பெண்தான் கிடைத்தாளா என்று கேட்டேன். கேட்டது அநியாயம், ஆனாலும் கேட்டேன். என் பிள்ளை இன்னொருத்தியின் கூடத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. எதிர்வீட்டுக்காரிமீது இத்தனை வருஷம் பட்ட பொறாமை இதற்குப் பக்கத்தில்கூட வராது.

பள்ளிப் பழைய மாணவர்கள் கூடுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது அந்தச் சமயத்தில்தான். எப்போதும் நான் போகிறவள் இல்லை. எதிர்வீட்டுக்காரி சென்னையிலிருந்து வருகிறாள் என்று தெரிந்ததும் போனேன். அவளிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். எப்படி நின்றது? கொஞ்சம் கொஞ்சமாகவா, ஒரேயடியாகவா? என் மகளுக்காகத்தான் கேட்கப்போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கழுத்து அதே கழுத்து. என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"ஏய், நீ அப்படியே இருக்கடி!"

அவள் பாசமாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. சாப்பாட்டுத் தட்டோடு ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டேவிட்டேன்.

"உனக்கு எப்படிடி நின்னுச்சு?"

"எது?"

"கண்ணு சிமிட்றது. தோளத் தூக்கறது."

"அதுவா! எனக்கு அது சரியா ஞாபகமே இல்லடி. அம்மாதான் எப்பவாவது சொல்லுவாங்க. உன்னப் பாத்துப் பாத்துதான் எனக்கும் ஒட்டிக்கிச்சுன்னு அவங்களுக்கு ஒரே பயமாம். அப்பாவைப் படுத்தி எடுத்து வீட்டையே மாத்தினாங்களே, அதுக்குத்தான?"

"சாம்பலுக்குன்னுதான மாத்துனீங்க?"

"அது வெளில சொன்னது" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதடி. அந்தக் காலத்து ஆளுங்க."

நான் தலையாட்டினேன். ஐஸ்கிரீம்கூட வாங்கிச் சாப்பிட்டேன். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வருகிற வழியில் அந்த முறுக்குக் கிண்ணமும் கேட்டும் நினைவுக்கு வந்து, ரவுண்டானாவைத் தேவையில்லாமல் இரண்டு சுற்று சுற்றினேன். அவர்கள் சாம்பலைவிட்டு ஓடவில்லை. நான் இருந்த தெருவைவிட்டு ஓடியிருக்கிறார்கள். ஓடியதும் அவளுக்கு நின்றுவிட்டது. எதை வைத்திருந்தாள் என்பதுகூட மறந்துபோகிற அளவுக்கு நின்றுவிட்டது. நான் என் வீட்டுக் கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் அவளை நினைத்திருக்கிறேன், அவளுக்கோ நினைக்க ஒன்றுமே இல்லை.

டாக்டர் சொன்னதெல்லாம் மண்டைக்குள் இருந்தது. அது ஒட்டுகிற நோயில்லை, தானாகவே போயிருக்கும் என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய? எதிர்வீட்டுக்காரியை என்னிடமிருந்து பிரித்தார்கள், அவள் தோள் நின்றது. என் மகளை ஒரு கோடை பிரித்தோம், அவள் கண் நின்றது. நான் இருக்கிற இடம்தான் சாம்பல் விழுகிற இடமோ என்று தோன்றிவிட்டது. அந்த அசையாத கழுத்து என் மகளுக்குக் கிடைக்குமென்றால் அவள் என்னோடு இல்லாவிட்டால்தான் என்ன?

"அனுப்பலாம்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விடுவதாகப் பேச்சு. சனிக்கிழமை சாயங்காலம் அவளுடைய துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். மகள் கட்டிலில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேருமே சிமிட்டிக்கொண்டிருந்தோம்.

"அம்மா, அந்த ஸ்கூல் பக்கத்துல மோட்டார் கொட்டாய் இருக்குமா?"

"ஸ்கூல்ல எதுக்குடி மோட்டார் கொட்டாய்?"

"அத்தை வீட்ல வயல்ல இருக்கில்ல, கரண்டு வந்ததும் அங்க ஓடிடுவேன். மோட்டார் பயங்கரமா சத்தம் போடும். உள்ள போய் எல்லாத்தையும் பண்ணிட்டு வந்துடுவேன். யாருக்கும் கேக்காது."

"எல்லாத்தையும்னா?"

கண்ணையும் தொண்டையையும் தொட்டுக் காட்டினாள். "அத்தை என்னையவே பாத்துகினே இருப்பாங்கம்மா. பண்ணாம இருந்தா சைக்கிள் வாங்கித் தர்றேன்னு சொன்னாங்க. கரண்டு போயிட்டாதான் கஷ்டம். கழுத்தெல்லாம் வலிக்கும். ஸ்கூல்ல கொட்டாய் இல்லன்னா எங்க போறதுன்னு தெரியல, அதான் கேட்டேன்."

அவள் அழவில்லை. பள்ளியில் டாய்லெட் எங்கே என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நான்தான் அழுதேன். பையைத் தலைகீழாகப் பிடித்துக் கட்டிலில் கொட்டினேன். மடித்த துணியெல்லாம் கலைந்து விழுந்ததைப் பார்த்து அவளுக்கு ஒரே சிரிப்பு.

என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்ததும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "அக்காகிட்ட யார் சொல்றது?" என்றார். நானே சொல்கிறேன் என்று போனை எடுத்தேன்.

நாத்தனார் முழுதும் கேட்டார். "புள்ளைக்கு நல்லதுன்னுதானம்மா சொன்னேன்" என்றார் கடைசியில். குரல் உடைந்திருந்தது.

"தெரியும் அண்ணி. லீவுக்கு வருவா. ஆனா பாக்காதீங்க. அவ என்ன பண்ணாலும் பாக்காதீங்க."

"சரிம்மா" என்றார். கொஞ்சம் கழித்து, "சைக்கிள நான் வாங்கி வச்சிட்டேன், கொண்டாந்து குடுத்துர்றேன்" என்றார்.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. இனிமேல்தான் அதிகமாகிற வயது. பள்ளிக்கூடம் முடிவதற்குள் நின்றுபோகலாம், போகாமலும் இருக்கலாம். எந்தப் பக்கம் விழும் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. எனக்கு இனி நிற்காது என்று எனக்குத் தெரியும். ஒருநாள் அவளுக்கு நின்று, தனக்கு அப்படி ஒன்று இருந்ததே மறந்துபோய், என் பக்கத்தில் அவள் சும்மா உட்கார்ந்திருந்தால் நான் என்ன ஆவேன் என்றும் தெரியும். பெற்ற மகளென்றுகூடப் பார்க்காமல் பொறாமைப்படுவேன். அந்தப் பொறாமை எனக்குச் சீக்கிரம் வர வேண்டும்.